தமிழாய்வில் சிறு மென்பொருட்கருவிகள்: எழுத்தடையாளம் காத்தலை அளவுகோலாகக் கொண்ட தேர்வு

ஆய்வுச்சுருக்கம்

தட்டச்சு, குறியாக்க மாற்றம், சொல் தேடல், அகரவரிசைப்படுத்தல், அச்சுநூலை உரையாக்கல் ஆகிய அன்றாடப் பணிகளுக்குத் தமிழாய்வாளர்கள் பல சிறு மென்பொருட்கருவிகளைப் பயன்படுத்துகின்றனர். இவை எளிமை, இலவசம் ஆகிய இரு காரணங்களுக்காகவே பெரிதும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஆய்வாளரின் உரை ஒவ்வொரு கருவியைக் கடக்கும்போதும் மாற்றத்திற்கு உள்ளாகக்கூடும் என்பதால், எழுத்தின் அடையாளத்தைக் கருவி காக்கிறதா என்பதே தேர்வின் முதன்மை அளவுகோலாக அமையவேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். கருவிகளால் நேரும் வேறுபாடுகள் மூவகையாகப் பகுக்கப்பட்டு, கருவித் தேர்வுக்குரிய ஐந்து வினாக்களும் எளிய சோதனைக் கோப்பு ஒன்றும் முன்வைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஒருங்குறி, குறியாக்க மாற்றி, இயல்பாக்கம், தொடரடைவு, எழுத்துணரி, பாட வேறுபாடு

முன்னுரை

ஓர் ஆய்வேடு உருவாகும் காலத்தில் ஆய்வாளர் கணினியில் செய்யும் பணிகளுள் பெரும்பான்மை சிறியன. பழைய எழுத்துருவில் உள்ள கட்டுரையை ஒருங்குறிக்கு மாற்றுதல், ஒரு சொல் பயின்றுவரும் இடங்களைத் திரட்டுதல், சொற்பட்டியலை வரிசைப்படுத்துதல், இரு பதிப்புகளின் உரையை ஒப்பிடுதல் ஆகியன அவற்றுட் சில. இவற்றைச் செய்யப் பெரிய மென்பொருட்தொகுதிகள் தேவையில்லை. ஒரு பணியை மட்டும் செய்யும் சிறு கருவிகளே போதுமானவை. பல வேளைகளில் அவையே விரைவானவையும் ஆகும்.

இக்கருவிகளை உடன் பயில்வோர் பரிந்துரைத்தனர் என்றோ, இணையத் தேடலில் முதலில் தோன்றின என்றோ ஆய்வாளர் ஏற்றுக்கொள்வது இயல்பாக உள்ளது. கடிதமோ விண்ணப்பமோ எழுதுவதற்கு இத்தகைய தேர்வு போதும். ஆய்வாளருக்கு உரையே சான்று. சான்றில் ஓர் எழுத்து மாறினாலும் அதன்மேல் எழுப்பப்படும் எண்ணிக்கையும் அட்டவணையும் முடிவும் பழுதாகும்.

இச்சிக்கல் தமிழ்ப் பதிப்பியலுக்குப் புதியதன்று. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவால் வேறுபடுத்தப்படவில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. ஏடெழுதுவோரின் கை வழியாக உரை கடந்துவந்தபோது நேர்ந்த மாற்றங்களை இனங்கண்டு பாடம் தெளிவதே பதிப்பாசிரியரின் பணியாக இருந்தது. இன்று ஏடெழுதுவோரின் இடத்தில் மாற்றியும் எழுத்துணரியும் வரிசைப்படுத்தியும் உள்ளன. ஆகவே, சுவடியை நோக்கிய அதே ஐயத்துடன் கருவியையும் நோக்குதல் பொருத்தமாகும்.

குறியாக்கங்களின் பின்புலம்

கணினியில் தமிழ் பல குறியாக்கங்களைக் கடந்து வந்துள்ளது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணையம் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் ஆகிய குறியாக்கங்களும் தமிழ் 99 விசைப்பலகையும் தமிழக அரசின் ஏற்பைப் பெற்றன. இணையவழித் தமிழ்க் குழுக்களிடையே திஸ்கி வழங்கிற்று. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையேயும் பாமினி எழுத்துரு பரவலாக இருந்தது. 1998ஆம் ஆண்டு தைப்பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் தன் மின்னூல்களைத் திஸ்கியில் வெளியிட்டுப் பின்னர் ஒருங்குறியிலும் வழங்கியது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியையும் தமிழ் அனைத்து எழுத்துக் குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது.

இவ்வரலாற்றின் விளைவாக, ஓர் ஆய்வாளரின் கணினியில் இன்றும் பல குறியாக்கக் கோப்புகள் கலந்து கிடக்கின்றன. முந்தைய ஆய்வேடுகளும் கருத்தரங்கக் கட்டுரைகளும் பழைய எழுத்துருவிலேயே சேமிக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பயன்படுத்த மாற்றிகள் இன்றியமையாதவை.

பழைய குறியாக்கங்களுக்கும் ஒருங்குறிக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டை இங்குக் குறிப்பிடுதல் வேண்டும். பழையவை கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் வடிவங்களைச் சேமித்தன. ‘கெ’ என்பதில் ஒற்றைக்கொம்பு முதலிலும் ககரம் அடுத்தும் நின்றன. ஒருங்குறியில் ககரம் முதலில் நிற்க, ஒற்றைக்கொம்பு அதன்பின் சேமிக்கப்படுகிறது. எனவே மாற்றி என்பது ஒரு குறியெண்ணுக்கு மற்றொரு குறியெண்ணை இடும் எளிய அட்டவணை மட்டுமன்று. அது வரிசையை மாற்றுகிறது. சூழலைப் பார்த்து முடிவும் செய்கிறது. முடிவு செய்யும் எந்தக் கருவியும் தவறான முடிவையும் செய்யக்கூடும்.

வேறுபாடுகளின் மூவகை

கருவிகளால் உரையில் தோன்றும் வேறுபாடுகளை அவற்றைத் தீர்க்கும் வழியை வைத்து மூவகையாகப் பகுக்கலாம்.

முதல்வகை, கணினியே தீர்க்கத்தக்க நிகர்வேறுபாடு. ‘கொ’ என்னும் எழுத்தை ககரமும் ஒகரக்குறியும் எனவும் சேமிக்கலாம்; ககரம், ஒற்றைக்கொம்பு, கால் எனப் பிரித்தும் சேமிக்கலாம். முன்னதில் இரு குறியெண்களும் பின்னதில் மூன்றும் உள்ளன. திரையில் இரண்டும் ஒன்றே. ஒருங்குறித் தரம் இவ்விரண்டையும் நிகரானவையாக ஏற்கிறது. ஆயினும் குறியெண்களை மட்டும் ஒப்பிடும் தேடுகருவி இரண்டையும் வேறெனக் கொள்ளும். இதற்கு இயல்பாக்கம் எனப்படும் செயல்முறை போதுமானது. அது பிரிந்து நிற்பவற்றை ஒரே வடிவத்திற்குக் கொண்டுவரும்.

இரண்டாம்வகை, வடிவொப்புமையால் நேரும் வேறுபாடு. அச்சு மரபில் ர், ரி, ரீ ஆகியவற்றைக் கால் போன்ற வடிவின்மேல் புள்ளியோ விசிறியோ இட்டு எழுதும் வழக்கம் உண்டு. அதன் விளைவாக ‘அவர்கள்’ என்பது சில கோப்புகளில் ‘அவா்கள்’ எனச் சேமிக்கப்பட்டுள்ளது. முன்னதில் உள்ளது ரகர மெய். பின்னதில் வகரத்தை அடுத்துக் காலும் புள்ளியும் உள்ளன. சுவடியில் காலும் ரகரமும் மயங்கியது போலவே இங்கும் மயங்குகின்றன. இவ்வாறே ‘ஔவை’ என்பது ‘ஒளவை’ என, ஒகரமும் ளகரமும் சேர்த்து எழுதப்படுகிறது. தமிழ் எண்களான ௧, ௨, ௭, ௮ ஆகியன முறையே க, உ, எ, அ என்னும் எழுத்துகளாகப் பதிவாகின்றன. ‘ஸ்ரீ’ என்பதும் ஸகரத்தாலும் ஶகரத்தாலும் இருவகையாகச் சேமிக்கப்படுகிறது.

இவ்வகை வேறுபாடுகளை இயல்பாக்கம் தீர்க்காது. இவை ஒருங்குறித் தரத்தின்படி வெவ்வேறு எழுத்துகளே. விதி வகுத்துத் திருத்த இயலும்; ஆனால் விதியின் எல்லையை ஆய்வாளரே முடிவு செய்யவேண்டும். காலை அடுத்துப் புள்ளி வருதல் தமிழெழுத்து முறையில் இல்லை. ஆகவே அச்சேர்க்கையை ரகர மெய்யாக மாற்றும் விதி பெரும்பாலும் பாதுகாப்பானது. ‘ஒள’ என்பதை எங்கும் ‘ஔ’ என மாற்றும் விதி அத்தகையதன்று. அது ‘ஒளி’, ‘ஒள்ளிய’ ஆகிய சொற்களையும் சிதைக்கும்.

மூன்றாம்வகை, மீளா இழப்பு. ஒருங்குறியை ஏற்காத பழைய குறியாக்கத்தில் கோப்பைச் சேமிக்கும்போது தமிழெழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிவிடும். அவ்வாறு சேமிக்கப்பட்ட கோப்பிலிருந்து எந்தக் கருவியாலும் மூலத்தை மீட்க இயலாது. இதனையும் திரையில் மட்டும் தோன்றும் குழப்பத்தையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். விரிதாளில் ஒரு சொற்பட்டியலைத் திறக்கையில் தமிழுக்கு மாறாகப் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகள் தோன்றுவதுண்டு. குறியாக்கம் தவறாக உணரப்பட்டதே அதற்குக் காரணம். கோப்பை மீண்டும் சேமிக்காமல் மூடி, யூடிஎஃப்-8 எனக் குறியாக்கத்தைத் தெரிவுசெய்து இறக்கினால் உரை சரியாகத் தோன்றும்.

இம்மூவகையுள் முதலாவதைக் கருவியிடம் விட்டுவிடலாம். இரண்டாவதில் கருவியும் ஆய்வாளரும் இணைந்து செயல்படவேண்டும். மூன்றாவதற்கு மூலக்கோப்பின் படி ஒன்றே காப்பாகும்.

தேடலும் எண்ணலும்

சொல்லாய்விலும் நடையியல் ஆய்விலும் ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்னும் எண்ணிக்கை சான்றாக வைக்கப்படுகிறது. இத்தகைய ஆய்வுக்குரிய தொகுப்பில் ஒரு பகுதி ‘அவர்’ எனவும் மற்றொரு பகுதி ‘அவா்’ எனவும் சேமிக்கப்பட்டிருப்பின், தேடுகருவி ஒரு பகுதியை மட்டுமே எண்ணும். கருவி பிழைச்செய்தி எதுவும் தராது. எண் ஒன்று கிடைத்துவிடும். அது அட்டவணையில் ஏறி மேற்கோளாகவும் மாறிவிடும். எண்ணிக்கை குறைந்ததற்கு ஆசிரியரின் நடையைக் காரணமாகக் கூறும் ஆய்வாளர், உண்மையில் தட்டச்சு வழக்கத்தையே ஆராய்ந்தவராகிறார்.

சொல்லின் எல்லையைக் கருவி எவ்வாறு அறிகிறது என்பதும் கருதத்தக்கது. ஒருங்குறியில் ‘தமிழ்’ என்னும் சொல் ஐந்து குறியெண்களால் ஆனது: தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி. தமிழ் மரபில் எழுத்து மூன்று, குறியெண் ஐந்து, யூடிஎஃப்-8 கோப்பில் அது கொள்ளும் இடம் 15 பைட்டுகள். எழுத்தெண்ணிக்கை தரும் கருவி இவற்றுள் எதனைத் தருகிறது என்று அறியாமல் அதனை யாப்பாய்விற்கோ எழுத்துப் பயில்வு ஆய்விற்கோ பயன்படுத்துதல் கூடாது.

இகரக்குறியும் புள்ளியும் ஒருங்குறித் தரத்தில் ‘எழுத்து’ என்னும் வகையில் அடங்குவதில்லை; ‘குறி’ என்னும் தனிவகையில் அடங்குகின்றன. எழுத்து வகையை மட்டும் சொல்லின் உறுப்பாகக் கொள்ளும் கருவி ‘தமிழ்’ என்பதை ‘தம’, ‘ழ’ என இரு துண்டுகளாக்கும். பைத்தான் மொழியின் அடிப்படை ரெகுலர் எக்ஸ்பிரஷன் தொகுப்பு இவ்வாறே நடந்துகொள்கிறது. தொடரடைவு உருவாக்கப் பயன்படும் ஆன்ட்காங்க் போன்ற கருவிகளில் சொல்லின் வரையறையை அமைக்கும் இடம் உண்டு. அங்குக் குறி வகையையும் சேர்த்த பின்னரே தமிழ்த் தொகுப்பை ஏற்றவேண்டும். ஆங்கிலத்திற்கு நன்கு இயங்கும் கருவி தமிழுக்கும் அவ்வாறே இயங்கும் என்னும் எண்ணமே இங்குப் பிழைக்கு மூலமாகிறது.

அகரவரிசைப்படுத்தல்

சொல்லடைவும் பெயரடைவும் உருவாக்குவோர் விரிதாளிலோ உரைத்திருத்தியிலோ உள்ள வரிசைப்படுத்தும் வசதியைப் பயன்படுத்துகின்றனர். சில கருவிகள் மொழிக்குரிய வரிசையை அறியாமல் குறியெண் வரிசையையே பின்பற்றுகின்றன. ஒருங்குறித் தமிழ்த் தொகுதியில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகர ழகரங்கள் லகரத்தை அடுத்தும் உள்ளன. தமிழ் நெடுங்கணக்கிலோ யரலவழளறன என்பதே முறை.

அழகு, அறம், அன்பு என்னும் மூன்று சொற்களை எடுத்துக்கொள்ளலாம். நெடுங்கணக்கின்படி ழகரம், றகரம், னகரம் என்னும் முறையில் இவை இதே வரிசையில் நிற்கவேண்டும். குறியெண் வரிசையில் இவை அன்பு, அறம், அழகு என முற்றிலும் தலைகீழாகின்றன. இம்மூன்று சொற்களே ஒரு வரிசைப்படுத்தியைச் சோதிக்கப் போதுமானவை. ஓராயிரம் சொற்கள் கொண்ட அடைவை அச்சுக்கு அனுப்பிய பின் இக்குறையைக் காண்பதினும், கருவியைத் தேரும்போதே ஒரு நிமிடம் செலவிட்டுச் சோதித்தல் நன்று.

அச்சுநூலை உரையாக்கல்

பழைய நூல்களின் படவடிவைத் தேடத்தக்க உரையாக மாற்ற எழுத்துணரிகள் பயன்படுகின்றன. 1985 முதல் ஹியூலெட் பேக்கார்டு நிறுவனத்தில் உருவாக்கப்பட்டு 2005இல் கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்ட டெசராக்ட் தமிழையும் உணரவல்லது. அதனை இணைய இணைப்பின்றி இயக்கலாம்.

எழுத்துணரியின் தரத்தை மதிப்பிடுங்கால் நூலின் காலம் முதன்மை பெறுகிறது. 1978இல் தமிழக அரசு நடைமுறைப்படுத்திய எழுத்துச்சீர்திருத்தத்தால் ணா, றா, னா, ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ, ணை, லை, ளை, னை ஆகிய 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. இன்றைய வடிவங்களைக் கொண்டு பயிற்றப்பட்ட எழுத்துணரி, முந்தைய அச்சுநூல்களில் உள்ள இவ்வெழுத்துகளில் தடுமாறும் வாய்ப்பு மிகுதி. ஆகவே ஒரு நூலை முழுமையாக உரையாக்கும் முன்னர், இவ்வெழுத்துகள் நிறைந்த சில பக்கங்களைத் தேர்ந்து சோதித்து, திரும்பத் திரும்ப வரும் பிழைகளைப் பட்டியலிடுதல் வேண்டும். அப்பட்டியலே பின்னர் மெய்ப்புத் திருத்தத்திற்கு வழிகாட்டியாகும். எழுத்துணரி தந்த உரை வரைவே. அதனை மெய்ப்புப் பார்க்காமல் மேற்கோளாக எடுத்தாளுதல் ஏற்புடையதன்று.

தேர்வுக்குரிய ஐந்து வினாக்கள்

மேற்கண்டவற்றின் அடிப்படையில், எந்தச் சிறு கருவியையும் ஏற்குமுன் எழுப்பவேண்டிய வினாக்களைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

1. கருவி ஆய்வாளரின் கணினியிலேயே இயங்குகிறதா? இணையவழி மாற்றியில் உரையை இடும்போது அது வேறொருவரின் வழங்கிக்குச் செல்கிறது. வெளிவராத ஆய்வேடு, பதிப்பிக்கப்படாத சுவடிப்படி, களப்பணியில் தகவலாளர் நம்பிக் கூறிய செய்தி ஆகியவற்றை அவ்வாறு அனுப்புதல் ஆய்வறத்திற்குப் பொருந்தாது.

2. மூலக்கோப்பை விட்டுவைக்கிறதா? மாற்றிய உரையைப் புதிய கோப்பாகத் தரும் கருவியே ஏற்றது. மூலத்தின்மேல் எழுதும் கருவியாயின், முதலில் படியெடுத்து வைத்தல் கட்டாயமாகும்.

3. வெளியீடு பொதுவடிவில் உள்ளதா? யூடிஎஃப்-8 எளிய உரையாகச் சேமிக்கப்பட்டதை எந்தக் கணினியிலும் திறக்கலாம். தனக்கே உரிய வடிவில் மட்டும் சேமிக்கும் கருவி மறையும்போது அதனுள் உள்ள தரவும் மறையும்.

4. செய்த மாற்றத்தைக் காண இயலுமா? மாற்றத்திற்கு முன்னும் பின்னும் உள்ள கோப்புகளை வின்மெர்ஜ் போன்ற ஒப்பீட்டுக் கருவியில் அருகருகே வைத்து வரிவரியாக நோக்கலாம். விதிகள் திறந்து காட்டப்பட்ட கருவியாயின் பிழையின் மூலத்தையும் அறியலாம்.

5. இதற்கு மாற்று உண்டா? ஒரே பணியை வேறொரு கருவியாலும் செய்யமுடிந்தால் இரண்டின் விளைவுகளையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். இது பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தெளியும் முறையை ஒத்தது.

விலை, தோற்றம், வசதிகளின் எண்ணிக்கை ஆகியன இவ்வைந்துக்கும் பின்னரே கருதத்தக்கன. பல வசதிகள் கொண்ட ஒரு கருவியைவிட, ஒரு பணியைச் செய்து அதன் விளைவை வெளிப்படையாகக் காட்டும் கருவி ஆய்வுக்கு ஏற்றதாகும்.

சோதனைக் கோப்பு

ஒவ்வோர் ஆய்வாளரும் ஒரு பக்கத்திற்கு மிகாத சோதனைக் கோப்பு ஒன்றை வைத்திருத்தல் பயன்தரும். அதில் கொ, கோ, கௌ ஆகிய கொம்பெழுத்துகள். ஔவை, ஒளி என்னும் சொற்கள். கார், காரி, அவர்கள் போன்ற ரகரச் சொற்கள். ஆய்தம் பயிலும் அஃது, எஃகு. க்ஷ, ஸ்ரீ முதலிய கிரந்தச் சேர்க்கைகள். ௧ முதல் ௯ வரையுள்ள தமிழ் எண்கள். அழகு, அறம், அன்பு என்னும் வரிசைச் சொற்கள் ஆகியன இடம்பெறலாம்.

புதிய உரைத்திருத்தியாயின் இக்கோப்பைத் திறந்து சேமித்து மூலத்துடன் ஒப்பிடவேண்டும். தேடுகருவியாயின் ‘ஔவை’ என்று தேடி ‘ஒளவை’ எனப் பதிவான இடம் விடுபடுகிறதா என்று நோக்கவேண்டும். மாற்றியாயின் பழைய குறியாக்கத்திற்கு மாற்றி மீண்டும் ஒருங்குறிக்குக் கொண்டுவரலாம். திரும்பி வந்த கோப்பு மூலத்துடன் முற்றும் ஒத்திருப்பின் அக்கருவி நம்பத்தக்கது. ஒவ்வாத இடங்கள் இருப்பின் அவற்றின் பட்டியல் கையிலிருக்க, அக்கருவியைக் கவனத்துடன் பயன்படுத்தலாம். இச்சோதனைக்குக் கணினி நிரலறிவு தேவையில்லை.

முடிவுரை

சிறு கருவிகள் தமிழாய்வாளரின் உழைப்பைக் குறைத்துள்ளன. அடைவு உருவாக்குதல், பதிப்புகளை ஒப்பிடுதல் முதலிய பணிகளுக்கு முன்னர் மாதங்கள் தேவைப்பட்டன. இன்று நாள்கள் போதும். அதே வேளையில் அவை உரையில் தலையிடுகின்றன. தலையீடு கண்ணுக்குப் புலனாவதில்லை. நிகர்வேறுபாடு, வடிவொப்புமை வேறுபாடு, மீளா இழப்பு என்னும் பகுப்பு, எங்குக் கருவியை நம்பலாம், எங்கு ஆய்வாளரின் கண் தேவை, எங்கு மூலப்படி தேவை என்பதைத் தெளிவாக்குகிறது.

பதிப்பாசிரியர்கள் தாம் பயன்படுத்திய சுவடிகளை முன்னுரையில் குறிப்பிடுவது தமிழ்ப் பதிப்பு மரபு. அதுபோல, எண்ணிக்கையையும் அடைவையும் சான்றாகக் கொள்ளும் ஆய்வேடுகள் தாம் பயன்படுத்திய கருவியின் பெயர், பதிப்பெண், செய்த மாற்றங்கள் ஆகியவற்றை ஆய்வு முறையியல் பகுதியில் பதிவுசெய்தல் வேண்டும். அவ்வாறு பதிவு செய்யப்பட்டால்தான் பின்வரும் ஆய்வாளர் அதே தொகுப்பிலிருந்து அதே முடிவைப் பெற்றுச் சரிபார்க்க இயலும். பெற இயலாதபோது பிழை உரையில் உள்ளதா, கருவியில் உள்ளதா என்பதையும் கண்டறிய இயலும்.